முகூர்த்தம் குறிக்கிறதுக்கு முன்னாடியே ஜாதகம் பாக்கணும்: கம்பெனிக்குள்ள வக்கீல் வேலை பாக்குறது எப்படி

சென்னை ஹைகோர்ட் பக்கத்துல தம்பு செட்டி தெருவுல ஒரு சீனியர் வக்கீல்கிட்ட ஆறு வருஷம் இருந்துட்டு அம்பத்தூர்ல ஆட்டோ பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனிக்கு லீகல் மேனேஜரா போனேன். அப்புறம் கொஞ்ச வருஷம் ரீடெயில், இப்போ மறுபடியும் ஃபேக்டரி. அம்பத்தூர்ல மொத நாள் கேட்டுல செக்யூரிட்டி அண்ணா "எச்.ஆர். இன்டர்வியூவாம்மா"ன்னு கேட்டாரு, இல்லண்ணா லீகல்னு சொன்னதும் குரல தாழ்த்தி "ஏன்மா, எதாச்சும் கேஸா"ன்னாரு. உள்ள இருக்குற எம்.டி. வரைக்கும் கம்பெனில எல்லாரும் லீகல அப்படித்தான் பாக்குறாங்க, கேஸ் வந்தா தேவைப்படுற ஆளு.

இதுல நம்ம தப்பும் இருக்கு. கோர்ட்ல இருந்து வர்றவங்களுக்கு எல்லாம் முடிஞ்சு போனப்புறம் கேஸ் கட்டு கைல வந்துதான் பழக்கம். கம்பெனில அப்படி இல்ல, டீல்ங்கற கல்யாணம் பேசும்போதே நாம இருக்கலாம், ஆனா கூப்பிட மாட்டாங்க. முகூர்த்தம் குறிச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்து, பத்திரிகையும் அடிச்சுட்டு, வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு மேல 40 பக்கம் அக்ரிமென்ட்ட அனுப்பி "மேடம் ஸ்டாண்டர்ட்தான், நாளைக்கு காலைல சைன், ஒரு தடவ பாத்துடுங்க"ன்னு சொல்லுவாங்க. அந்த நேரத்துல ஜாதகத்துல என்ன தோஷம் இருந்தாலும் நீங்க சொல்றது யாருக்கும் பிடிக்காது. அதனால முகூர்த்தம் குறிக்கிறதுக்கு முன்னாடி உங்கள கூப்பிட வைக்கிறது எப்படி, கூப்பிட்டப்புறம் உருப்படியா என்ன சொல்றதுன்னு மட்டும்தான் இங்க எழுதுறேன். புதுசா வக்கீல் சேம்பர்ல இருந்து கம்பெனிக்கு மாறுற தம்பி தங்கச்சிகளுக்கு.

ஒரு சின்ன வேலைய மட்டும் சேந்த ஒடனே முடிச்சுடுங்க. ஃபுல் டைம் சம்பளத்துக்கு சேந்துட்டா பிராக்டிஸ் பண்ணக்கூடாது, பார் கவுன்சில் ஆஃப் இந்தியா ரூல்ஸ்ல 49ஆவது விதி. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதி குடுத்து சனத்த (பிராக்டிஸ் பண்ற லைசென்ஸ) சஸ்பெண்ட் பண்ணிக்கோங்க. "சும்மா ஒரு வக்காலத்து நம்ம மேடமே போட்டுடட்டுமே, எதுக்கு வெளில பீஸ் குடுக்கணும்"னு அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு, சிரிச்சுட்டு முடியாதுன்னு சொல்லிடுங்க.

மொத மூணு மாசம்: காசு எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க

நான் பண்ண தப்ப சொல்றேன். ஒரு பெரிய கஸ்டமரோட சப்ளை அக்ரிமென்ட். இன்டெம்னிட்டி (அவங்களுக்கு வர்ற நஷ்டத்த நாம ஈடுகட்டுறது), லயபிலிட்டி கேப் (நாம குடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு)னு அவங்க லீகலோட மூணு வாரம் மல்லுக்கட்டி, டிராஃப்ட்ல திருத்தம் மேல திருத்தம் போட்டு, கடைசில கேட்ட கேப்ப வாங்கிட்டேன், ஏதோ ஹைகோர்ட்ல ஸ்டே வாங்கின மாதிரி ஒரு சந்தோஷம். சைன் ஆகி நாலு மாசத்துல ஸ்டீல் விலை ஏறுச்சு. விலை திருத்தத்துக்கு அந்த அக்ரிமென்ட் முழுக்க இருந்தது ஒரே ஒரு வரி, ரெண்டு தரப்பும் பேசி முடிவு செஞ்சுக்கலாம்னு. பேசினோம், முடிவு வரல. ஒவ்வொரு லாரி லோடுக்கும் நஷ்டத்துல சப்ளை பண்ணிட்டு இருந்தோம், நான் வாங்கின கேப் இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தேவப்படல. பிளான்ட் ஹெட் ஒருநாள் டீ குடிக்கும்போது "ஏம்மா, ஸ்டீல் ஏறினா யாரு தலைல விழும்னு நீங்க அப்பவே என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே"ன்னாரு. அவர்கிட்ட கேக்கணும்னே எனக்கு தோணல, அதுதான் விஷயம்.

அதனால சேந்த ஒடனே பழைய ஃபைல எடுத்து வச்சுட்டு உக்காராதீங்க. அக்கவுண்ட்ஸ்ல கலெக்ஷன் பாக்குற பையன் பக்கத்துல ரெண்டு நாள் உக்காருங்க. யாரு பேப்பர்ல 45 நாள்னு சொல்லிட்டு 110 நாள்ல குடுக்குறா, யாரு ஒவ்வொரு மாசமும் ரிஜெக்ஷன்னு டெபிட் நோட் போட்டு காச புடிக்கிறான்னு அவனுக்கு மனப்பாடமா தெரியும். பிளான்ட்ல ஒரு ஷிஃப்ட் சுத்துங்க, டை, மோல்டுன்னு பார்ட்ஸ் செய்யற அச்செல்லாம் யாரோடது, நம்ம காசா கஸ்டமர் காசான்னு கேளுங்க, பாதி நேரம் அது எந்த பேப்பர்லயும் இருக்காது, உறவு முறிஞ்சப்புறம்தான் அது யாரோடதுன்னு சண்ட வரும். பர்சேஸ்ல எந்த சாமான் ஒரே ஒரு வெண்டர்கிட்ட மட்டும் வாங்குறோம்னு கேளுங்க. மாசாமாசம் வர்ற எம்.ஐ.எஸ். ஷீட்ட (கம்பெனி கணக்கு நிலவரம்) சி.எஃப்.ஓ.கிட்ட (நிதிய பாக்குற தலைவர்) கேட்டு வாங்கி, புரியாத வரிய வெக்கப்படாம கேளுங்க, பி.எல்.ல படிச்சது எதுவும் அதுக்கு உதவாது.

இத பண்ணாம ஸ்ட்ராடஜி மீட்டிங்ல போய் உக்காந்தா மத்தவங்க மார்ஜின் பத்தி பேசும்போது நீங்க ஜூரிஸ்டிக்ஷன் கிளாஸ் (கேஸ் எந்த ஊர் கோர்ட்டுன்னு சொல்ற ஷரத்து) பத்தி பேசிட்டு இருப்பீங்க. அடுத்த மீட்டிங்குக்கு கூப்பிட மாட்டாங்க.

கேள்விக்கு பின்னாடி இருக்குற கேள்வி

சேல்ஸ்லயோ எச்.ஆர்.லயோ வந்து கேக்குற கேள்வி சட்ட கேள்வி மாதிரி இருக்கும், ஆனா அவங்களுக்கு வேண்டியது வேற. அடிக்கடி வர்றது இது: நல்ல சேல்ஸ் ஆள் ஒருத்தர் ரிசைன் பண்ணிட்டு போட்டி கம்பெனிக்கு போயிட்டாரு, நம்ம ஆஃபர் லெட்டர்ல ரெண்டு வருஷம் போட்டி கம்பெனில சேரக்கூடாதுன்னு இருக்கு, கேஸ் போட்டு நிறுத்துங்க.

சேம்பர் பழக்கத்துல நான் என்ன எழுதியிருப்பேன்னா இந்திய ஒப்பந்த சட்டம் 1872, பிரிவு 27, தொழில் பண்றத தடுக்குற ஒப்பந்தம் செல்லாது, வேலைய விட்டப்புறம் அந்த கிளாஸ் நிக்காது, கீழ தீர்ப்பு லிஸ்ட். சரியான பதில்தான், ஆனா படிச்சுட்டு சேல்ஸ் ஹெட்டுக்கு வர்றது கோவம் மட்டும்தான். அவருக்கு உண்மையா என்ன பயம்? அந்த ஆளு கஸ்டமர் விலை லிஸ்ட்ட எடுத்துட்டு போயிட்டான்னு பயம், அவன் பின்னாடி இன்னும் நாலு பேர் போவாங்கன்னு பயம். அதுக்கு செய்ய வேண்டியது நெறைய இருக்கு. லேப்டாப்ப ஃபார்மேட் பண்ணாம அப்படியே வாங்கி வைக்கச் சொல்லுங்க, கடைசி மாசம் என்ன ஃபைல் மெயில்ல வெளில போச்சுன்னு ஐ.டி.ல பாக்கச் சொல்லுங்க, ரகசியம் காக்குற கிளாஸ் வேலை முடிஞ்சப்புறமும் நிக்கும், அத வச்சு ஒரு லெட்டர் அனுப்பலாம். இனிமே வர்றவங்களுக்கு நோட்டீஸ் பீரியட நீட்டி வேலைக்கு வராம சம்பளம் மட்டும் வாங்குற மாதிரி வைக்கலாமா, ரெண்டு வருஷம் இருந்தா போனஸ்னு வைக்கலாமான்னு எச்.ஆர்.ரோட உக்காந்து பேசலாம். பாண்ட் பத்தி கேட்டா, 2025 மே மாசம் விஜயா பேங்க் வழக்குல சுப்ரீம் கோர்ட், மூணு வருஷம் முடியறதுக்குள்ள போனா 2 லட்சம் கட்டணும்ங்கற நிபந்தனைய செல்லும்னு சொல்லியிருக்கு. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்க அவங்களுக்கு ஆகுற செலவ வச்சு சொன்னது. அத பாத்துட்டு 22 வயசு ட்ரெய்னிக்கு 10 லட்சம் பாண்ட் போடலாம்னு எச்.ஆர். கிளம்பினா புடிச்சு நிறுத்துறதும் நம்ம வேலதான்.

பதில் எழுதுறப்போ நான் வச்சுக்குற அளவு, போன்ல ஸ்க்ரோல் பண்ணாம படிக்க முடியணும். பண்ணலாமா, பண்ணினா மோசமா போனா எவ்ளோ ரூபா போகும், அது நடக்க வாய்ப்பு எவ்ளோ, எப்போ வரைக்கும் முடிவு பண்ண டைம் இருக்கு, யார் முடிவு பண்ணணும். சட்டப் பிரிவெல்லாம் கீழ இருக்கட்டும், வேணும்னா படிப்பாங்க. "ரிஸ்க் அதிகம்"னு மட்டும் எழுதுறது பதிலே இல்ல, டாக்டர் "ஒடம்புக்கு முடியல"ன்னு எழுதி குடுத்த மாதிரி. ரூபால சொல்லுங்க. தோராயமா சொன்னாலும் பரவால்ல, 15 லட்சமா 3 கோடியான்னு தெரிஞ்சா எம்.டி. மீதிய பாத்துக்குவாரு, ரிஸ்க் எடுக்குறது அவரோட தொழில், அவர் தினமும் பண்றது அதத்தான்.

பிளான் போடுற மாசம்

பெரும்பாலான கம்பெனில அடுத்த வருஷ பிளான் ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள போடுவாங்க. உங்கள கூப்பிடலன்னாலும் அந்த ப்ரசன்டேஷன யார்கிட்டயாச்சும் கேட்டு வாங்குங்க. அதுல இருக்குற ஒவ்வொரு "பண்ணப்போறோம்"க்கும் பக்கத்துல எந்த மாசத்துக்குள்ள லீகல்ல என்ன முடியணும்னு ஒரு கட்டம் போட்டு திருப்பி அனுப்புங்க. நான் ரீடெயில்ல இருந்தப்போ இத மொத தடவ பண்ணினேன், ஒரே ஒரு எக்ஸெல் ஷீட்டு, அதுக்கப்புறம்தான் என்ன மீட்டிங்குக்கு கூப்பிட ஆரம்பிச்சாங்க.

புது பிராண்டுன்னு பிளான்ல இருக்கும். மார்க்கெட்டிங் ஏஜென்சி ஒரு பேர் குடுக்கும், எம்.டி. வீட்டம்மாவுக்கு பிடிச்சுடும், டப்பா பிரிண்டுக்கு போயிடும், அப்புறம் உங்ககிட்ட "ரெஜிஸ்டர் பண்ணிடுங்க"ம்பாங்க. பேர் மூணு நாலா இருக்கும்போதே உங்ககிட்ட வரணும். டிரேட்மார்க் வெப்சைட்ல தேடுறதுக்கு காசு கெடயாது. ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட ஒரு பொருள் வகைக்கு (அவங்க பாஷைல கிளாஸ்) 9,000 ரூபா, தனி ஆளுக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சின்ன நிறுவனத்துக்கும் 4,500. டிரேட்மார்க் ஜர்னல்ல வந்தப்புறம் நாலு மாசம் வரைக்கும் யார் வேணா எதிர்க்கலாம். ரெஜிஸ்டர் ஆச்சுன்னா 10 வருஷம், திருப்பி புதுப்பிச்சுக்கலாம். ரெஜிஸ்ட்ரி ஆஃபீஸ் நம்ம கிண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுலயே இருக்கு. இதெல்லாம் ஒரு ஸ்லைடுல போட்டு, அடிச்ச டப்பாவ குப்பைல கொட்டினா எவ்ளோன்னு கீழ பேக்கேஜிங் பில் தொகைய போட்டு மார்க்கெட்டிங்க்கு காட்டுங்க, ஒரு தடவ காட்டினா போதும்.

புது கடை தெறக்கணும்னு இருக்கும். இங்க நம்ம ஊர்ல எல்லாருக்கும் பதினோரு மாச அக்ரிமென்ட் மேல ஒரு காதல். ஒரு வருஷத்துக்கு மேல போனா 1908 பதிவு சட்டப்படி பதிவு பண்ணணும், ஸ்டாம்ப் டூட்டி ஏறும், அதனால பதினோரு மாசம். வீட்டுக்கு சரி. 60 லட்சம் செலவு பண்ணி ஏசி, ரேக், கண்ணாடி எல்லாம் போட்ட ஷோரூமுக்கு பதினோரு மாசத்துல ஓனர் வாடகைய டபுள் பண்ணினா என்ன பண்ணுவீங்க? தவிர, தமிழ்நாட்டுல 2017 வாடகை சட்டம் 2019 பிப்ரவரில இருந்து அமல்ல இருக்கு, அதுபடி எழுத்துல அக்ரிமென்ட் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். ஸ்டாம்ப் சரியா இல்லாத பேப்பர கோர்ட் சாட்சியா எடுத்துக்காது, கொறஞ்ச தொகைல பத்து மடங்கு வரைக்கும் அபராதம் கட்டினாத்தான் உள்ள போகும். இந்த கணக்க, ஒம்போது வருஷத்துக்கு பதிவு பண்ணி எடுத்தா ஆகுற வாடகையோட சேத்து சி.எஃப்.ஓ.கிட்ட காட்டுங்க, மிச்சம் பண்ற ஸ்டாம்ப் டூட்டி எவ்ளோ, இழக்கப்போறது எவ்ளோன்னு.

கடைன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. தி.நகர்ல ஜவுளிக்கடைல காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுட்டே இருக்குற பொண்ணுங்கள பாத்திருப்பீங்க. 2021ல தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, வேலை பாக்குறவங்க உக்கார எடம் குடுக்கணும்னு. இத இன்ஸ்பெக்ஷன் வர்றப்போ ஸ்டூல் தேடுற விஷயமா வைக்காதீங்க, கடையோட டிராயிங் போடுறப்பவே ஆர்க்கிடெக்ட்கிட்ட சொல்லிட்டா தனி செலவே இல்ல. நான் சொன்னப்போ ஆர்க்கிடெக்ட் "இத லீகல் ஏன் சொல்றாங்க"ன்னு பாத்தாரு. சொல்லித்தான் ஆகணும்.

ஆப் பண்ணப்போறோம், லாயல்டி கார்டு விடப்போறோம்னு பிளான்ல ஒரு வரி இருந்தா அங்க ஒரு செவப்பு பேனா வைங்க. 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்துக்கு ரூல்ஸ் 2025 நவம்பர்ல வந்தாச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் டைம், பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம். பில்லிங் கவுன்ட்டர்ல போன் நம்பர் எதுக்கு கேக்குறோம்னு இப்பவே ஒரு பதில் வச்சுக்கணும்.

வராத காச வர வைக்கிறது

ஸ்ட்ராடஜின்னா புது பிசினஸ், வேற கம்பெனிய வாங்குறதுன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. என் அனுபவத்துல லீகலுக்கு கம்பெனில மரியாதை வந்தது கலெக்ஷன்ல. புது மெஷினுக்கு பேங்க்ல லோன் கேட்டுட்டு இருந்த வருஷம், வெளில நின்ன பழைய பாக்கி வந்ததே அந்த மெஷினுக்கு பாதி ஆச்சு.

நீங்க சின்ன கம்பெனியா இருந்து உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் (சின்ன தொழில்னு மத்திய அரசுகிட்ட பண்ற பதிவு) இருந்தா, 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கானது) உங்க பக்கம். எழுத்துல என்ன போட்டிருந்தாலும் சரக்க ஏத்துக்கிட்டு 45 நாளுக்கு மேல போகக்கூடாது, எழுத்துல எதுவும் இல்லன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்ல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. இந்த பாக்கி தகராற விசாரிக்கிற ஃபெசிலிட்டேஷன் கவுன்சில்ல உங்களுக்கு ஆர்டர் வந்து எதிர்ப்பக்கம் அத எதிர்த்து கோர்ட்டுக்கு போகணும்னா 75 சதவீதம் டெபாசிட் கட்டிட்டுத்தான் போகணும். இந்த உரிமை மைக்ரோ, ஸ்மால் ரெண்டுக்கும்தான், மீடியத்துக்கு இல்ல, வெறும் வாங்கி விக்கிற டிரேடருக்கும் உத்யம் சர்ட்டிபிகேட் இருந்தாலும் இது வராது, அத பாக்காம நோட்டீஸ் அனுப்பி அசிங்கப்பட்டவங்க உண்டு. நீங்க பெரிய கம்பெனியா இருந்தா இதே கத்தி உங்க பக்கம் திரும்பும். 2024 ஏப்ரல்ல அமலுக்கு வந்த வருமான வரி விதி (1961 சட்டத்துல 43பி(எச்)) வேற, சின்ன வெண்டருக்கு அந்த கெடுவுக்குள்ள குடுக்கலன்னா காச உண்மையா குடுக்குற வருஷத்துலதான் செலவா கழிக்க விடுவாங்க. ஆக வெண்டர் லிஸ்ட்ல யாரு மைக்ரோ, யாரு ஸ்மால்னு குறிச்சு வைக்கிறது அக்கவுண்ட்ஸ் வேலை மாதிரி தெரிஞ்சாலும் நீங்களும் சேந்து பண்ணுங்க.

இன்னொண்ணு, காலம். பாக்கிக்கு பொதுவா மூணு வருஷம்தான். பேசிக்கலாம் பேசிக்கலாம்னு சேல்ஸ் இழுத்துட்டே போயி மூணு வருஷம் தாண்டினா கைல வெறும் லெட்ஜர்தான். ஒவ்வொரு மார்ச்சும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல கஸ்டமர்கிட்ட கையெழுத்து வாங்குங்க, கெடு முடியறதுக்குள்ள கடன ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா காலம் அன்னைக்கு இருந்து புதுசா ஓட ஆரம்பிக்கும். ஆடிட்டருக்கும் அது தேவப்படும், அதனால கஸ்டமருக்கும் சந்தேகம் வராது.

"நோட்டீஸ் அனுப்பினா ரிலேஷன்ஷிப் கெட்டுடும் மேடம்"னு சேல்ஸ் ஹெட் சொல்லுவாரு. பாதி நேரம் அவர் சொல்றது சரி, அத ஒத்துக்கோங்க. நான் வச்சிருக்குற வரிச, மொதல்ல அக்கவுண்ட்ஸ்ல இருந்து சாதாரண மெயில், அப்புறம் எம்.டி. அவங்க எம்.டி.க்கு ஒரு போன், அப்புறம் என் பேர்ல ஒரு லெட்டர், வெளி வக்கீல் நோட்டீஸ் கடைசி. மூணாவது படிலயே முக்காவாசி முடிஞ்சுடும். கோர்ட்டுக்கே போறதா இருந்தாலும் 3 லட்சத்துக்கு மேல கமர்ஷியல் சூட்டுன்னா, அவசரமா இடைக்கால உத்தரவு கேக்கலன்னா, மொதல்ல மீடியேஷன் (சமரசப் பேச்சு) போயித்தான் ஆகணும், கமர்ஷியல் கோர்ட்ஸ் சட்டத்தோட 12ஏ பிரிவு கட்டாயம்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்த மீடியேஷன சடங்கா பாக்காம முடிவெடுக்குற அதிகாரம் இருக்குற ஆள அனுப்பினீங்கன்னா அங்கயே முடிக்கலாம்.

மழை

சென்னைல உக்காந்துட்டு ஃபோர்ஸ் மஜூர் கிளாஸ (வெள்ளம், புயல் மாதிரி நம்ம கைல இல்லாதது வந்தா நாம பொறுப்பில்லங்கற ஷரத்து) காப்பி பேஸ்ட் பண்றவங்கள எனக்கு புரியவே இல்ல. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டும் பாத்தோம், அம்பத்தூர் எஸ்டேட்ல மெஷின் உள்ள தண்ணி. கிளாஸ்ல வெள்ளம்னு வார்த்தை இருக்குறது பிரச்சன இல்ல, எல்லார் கிளாஸ்லயும் இருக்கு. கஸ்டமருக்கு ஏழு நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும்னு அடுத்த வரில இருக்கும். கரண்ட் இல்ல, சர்வர் இல்ல, எல்லாரும் அவங்க அவங்க வீட்ல தண்ணி எறச்சுட்டு இருக்கோம், யாரு நோட்டீஸ் அனுப்புவா? செப்டம்பர்லயே டிராஃப்ட் ரெடி பண்ணி, எல்லா முக்கிய கஸ்டமரோட நோட்டீஸ் மெயில் ஐ.டி.யோட, சென்னைல ஒருத்தர் வெளியூர்ல ஒருத்தர்னு ரெண்டு பேர் போன்ல போட்டு வைங்க. கோயம்புத்தூர் பிராஞ்ச்ல இருக்குற நம்ம ஆள்தான் எங்களுக்கு அனுப்பினாரு. போட்டோ எடுக்கச் சொல்லுங்க, தேதியோட.

முடியாதுன்னு சொல்றது

இவ்ளோ நேரம் பிசினஸ் கூட போங்கன்னு சொன்னேன். கூட போகக்கூடாத எடம் கொஞ்சம் இருக்கு. பழைய தேதி ஸ்டாம்ப் பேப்பர் எங்கயோ கெடைக்குது, போன வருஷ தேதி போட்டுக்கலாம்பாங்க. டெண்டர்ல "நீங்க இத எடுத்துக்கோங்க, அடுத்தத நாங்க எடுத்துக்குறோம்"னு போட்டியாளர்கிட்ட பேசி வச்சுப்பாங்க, அது போட்டி சட்டப்படி கார்ட்டெல். ஃபைல் நகர எதாச்சும் குடுத்துட்டு கன்சல்டன்சின்னு பில் போடுவாங்க, 2018 திருத்தத்துக்கு அப்புறம் லஞ்ச சட்டத்துல குடுத்த கம்பெனியும் மாட்டும். இதுக்கெல்லாம் விலை கணக்கு போட்டு ஆப்ஷன் ஏ, ஆப்ஷன் பின்னு குடுக்காதீங்க, முடியாதுதான்.

எப்படி சொல்றதுங்கறதுலதான் சூட்சுமம். நம்ம ஊர் கம்பெனில பாதி குடும்ப கம்பெனி. பெரியவர் இருப்பாரு, அவர் புள்ள எம்.டி.யா இருப்பாரு. பத்து பேர் முன்னாடி பெரியவர மறுத்து பேசினா விஷயம் சட்டத்துல இருந்து மரியாதைக்கு போயிடும், அப்புறம் ஜெயிக்கவே முடியாது. நான் மீட்டிங்ல "பாத்துட்டு சொல்றேங்கய்யா"ன்னு மட்டும் சொல்லிட்டு, மதியம் அவர் சாப்பிட்டு முடிச்சப்புறம் ரூமுக்கு தனியா போவேன். ஒரு தடவ தேதி மாத்துற விஷயம். "என்னம்மா, ஊர்ல எல்லாரும் பண்றதுதானே"ன்னாரு. "ஆமாங்கய்யா, பண்றாங்க. ஆனா இதுல கையெழுத்து போடப்போறது தம்பி. நாளைக்கு பார்ட்னர் கூட சண்ட வந்தா இந்த பேப்பர வச்சு தம்பி மேல கிரிமினல் கம்ப்ளெயின்ட் குடுக்கலாம். இன்னைக்கு தேதில ஒரு பத்திரம் போட்டு, போன வருஷம் வாயால பேசினத இப்போ எழுத்துல உறுதிப்படுத்துறோம்னு எழுதிக்கலாம்"னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "சரி, அப்படியே போடு"ன்னாரு. மாத்து வழி கைல இல்லாம அந்த ரூமுக்கு போயிருந்தா வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

இங்க ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2025 அக்டோபர் 31 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, கம்பெனில சம்பளத்துக்கு இருக்குற வக்கீலுக்கு புது சாட்சிய சட்டம் (பாரதிய சாட்சிய அதினியம் 2023) 132ஆவது பிரிவுல, கட்சிக்காரர் வக்கீல்கிட்ட பேசினது வெளில போகாம காக்குற பாதுகாப்பு கெடயாதுன்னு சொல்லிடுச்சு, ஏன்னா நாம கோர்ட்ல பிராக்டிஸ் பண்ற அட்வகேட் இல்ல. 134ல கொஞ்சம் பாதுகாப்பு இருக்கு, ஆனா நமக்கும் கம்பெனிக்கும் நடுவுல போற வர்ற பேச்சுக்கு அதையும் கேக்க முடியாது. ஆக ரெய்டு, உள் விசாரணை, பெரிய தகராறுன்னு வந்தா மொத நாள்லயே வெளி வக்கீல வச்சு அவர்கிட்ட ஒபினியன் வாங்குங்க. "எதுக்கு மேடம் ரெண்டு செலவு"ன்னு சி.எஃப்.ஓ. கேட்டா இந்த தீர்ப்ப காட்டுங்க. சேல்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல சட்ட கருத்து சொல்றதயும் நிறுத்திடுங்க, நானும் கஷ்டப்பட்டுத்தான் நிறுத்தினேன்.

வெளி வக்கீல்கிட்ட போறப்போ கட்ட குடுத்துட்டு வந்துடாதீங்க. இந்த கேஸ்ல கம்பெனிக்கு காசு வேணுமா, டைம் வேணுமா, இல்ல அந்த கஸ்டமர் திரும்ப வேணுமான்னு ஒரு பக்கம் எழுதி குடுங்க. என் பழைய சீனியரே சொன்னாரு, கட்சிக்காரங்க யாரும் இத எழுதி குடுத்ததே இல்லன்னு.

அந்த போன் வரும்போது

இதெல்லாம் பண்ணிட்டு இருந்தா ஒரு வருஷம் ஒன்ற வருஷத்துல ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருந்து சேல்ஸ் ஹெட் போன் பண்ணுவாரு, "மேடம், கஸ்டமர் ரிசப்ஷன்ல உக்காந்திருக்கேன், இன்னும் உள்ள கூப்பிடல, அஞ்சு நிமிஷம் இருக்கா"ன்னு. இருக்குன்னு சொல்லுங்க, சாப்பாட்டு தட்டு முன்னாடி உக்காந்திருந்தாலும். அந்த அஞ்சு நிமிஷத்துல கிளாஸ் எதுவும் பேச வேணாம். நாலு விஷயம் மட்டும் கேக்கச் சொல்லி அனுப்புங்க. ஸ்டீல், அலுமினியம் ஏறினா எந்த விலை இண்டெக்ஸ வச்சு, எத்தன மாசத்துக்கு ஒரு தடவ விலை மாத்துவாங்க. டூலிங் (டை, மோல்டு) காசு யாரு போடுறா, முடிஞ்சா அது யாரோடது. ஆர்டர் பாதில நிறுத்தினா செஞ்சு வச்ச சரக்கயும் வாங்கி வச்ச மெட்டீரியலயும் எடுத்துப்பாங்களா. காசு எத்தன நாள்ல, அந்த நாள் எந்த தேதில இருந்து எண்ணணும், இன்வாய்ஸ் தேதியா, இல்ல அவங்க கேட்ல சரக்கு எறங்கின தேதியா. கடைசி கேள்விய கேக்க அவர் மறந்துடுவாரு, கார் எடுக்குறதுக்கு முன்னாடி திருப்பி போன் பண்ணி ஞாபகப்படுத்துங்க.